அடுக்கு ஸ்டாக் என்று விற்ற விதையில் ஒற்றைப் பூ: பணமும் பதிலும் வேண்டும்

அனுப்புநர்: பூ விவசாயி, வாடிப்பட்டி, மதுரை மாவட்டம்.
பெறுநர்: விதைக் கம்பெனி மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

ஐயா,

வணக்கம். போன், வாட்ஸ்அப், மெயில், நேரில் என்று எல்லா வழியிலும் சொல்லி ஓய்ந்துவிட்டேன். ஒருத்தர் இன்னொருத்தரைக் கை காட்டுகிறார், அவர் என்னை முதல் ஆளிடமே திருப்பி அனுப்புகிறார். அதனால்தான் இந்தப் பதிவுத் தபால்.

புரட்டாசியில் உங்கள் விற்பனையாளரிடம், அலங்காரத்துக்குத் தண்டோடு வெட்டி விற்கிற குளிர்ப்பிரதேசப் பூவான ஸ்டாக்கில், கிளைக்காத ஒற்றைத்தண்டு ரக விதை வாங்கினேன். அடுக்குப் பூ ரகம், நாற்றிலேயே பிரித்தெடுக்கலாம் என்று பாக்கெட்டில் இருக்கிறது. அந்த வரியை நம்பித்தான் அவ்வளவு விலை கொடுத்தேன்.

உங்கள் சரக்கைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்டாக்கில் அடுக்குப் பூ விதை பிடிக்காது. ஒற்றைப் பூச் செடியில்தான் விதை எடுக்க வேண்டும், அதில் ஏறக்குறைய பாதிதான் அடுக்காக வரும். அதற்காகத்தானே இலை நிறம் பார்த்துப் பிரிக்கிற ரகமே வந்தது? குளிர் பட்டதும் வெளிர்பச்சையாகத் தெரிகிற நாற்று அடுக்கு, கரும்பச்சை ஒற்றை. கரும்பச்சையைப் பிடுங்கிவிட்டு மற்றதை நட வேண்டும். முளைத்ததும் குழித்தட்டுகளை ராத்திரிக் குளிரில் வெளியே வைத்தோம். காலையில் நானும் என் வீட்டுக்காரியும் குனிந்து ஒவ்வொரு குழியாகப் பார்த்தோம். தட்டு முழுக்க ஒரே பச்சை. எதைப் பிடுங்குவது, எதை விடுவது?

அன்றைக்கே உங்கள் உதவி எண்ணில் கேட்டேன். வெளிர்பச்சை என்று சொன்னதுமே, "இரும்புச் சத்துக் குறைவு சார், நுண்ணூட்டம் அடிங்க" என்றார் எடுத்த தம்பி. "வெளிர்பச்சை நாத்தே வரலைங்கிறதுதான் தம்பி என் பிரச்சினை" என்றேன். "அப்ப நல்லாத்தானே இருக்கு?" என்று வைத்துவிட்டார். விதை விற்கிற கம்பெனியில் விதையைப் பற்றித் தெரிந்த ஒரு ஆள்கூடவா இல்லை?

தை பிறந்து பூ வந்தது. வரிசை முழுக்க நாலு இதழ் ஒற்றைப் பூ. அடுக்கைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. தை முகூர்த்தத்துக்கு மதுரை மண்டபங்களுக்குத் தருவதாக முன்பணம் வாங்கியிருந்தேன். டெக்கரேஷன்காரர் ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்து, "அண்ணே, தண்டுதான் தெரியுது, பூ எங்க?" என்று திருப்பிவிட்டார். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் அதைச் சீந்த ஆளில்லை. முன்பணத்தைக் கைக்காசு போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு சீசன் மட்டும் போகவில்லை ஐயா, இத்தனை வருஷம் சேர்த்த பெயரே போய்விட்டது. இனி எந்த மண்டபத்துக்காரர் என்னை நம்புவார்?

மறுபடி போன் செய்தால் அதே தம்பி. அவர் பேசியதைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை. "மதுரை வெயிலுக்கு ஸ்டாக் வராது, பேசாம மல்லி போட வேண்டியதுதானே? யூடியூப் பாத்து விவசாயம் பண்ணா இப்படித்தான்." நான் நட்டது கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர்க் குத்தகை நிலத்தில். இதை முதல் நாளே சொன்னேன், எழுதியும் அனுப்பினேன். வெயில் கூடினால் ஸ்டாக் பூக்காமல் நின்றுவிடும், அது எனக்கும் தெரியும். என் செடி நிற்கவில்லையே, பூத்ததே தப்பான பூ! அந்தக் குரல் பதிவை எடுத்துக் கேளுங்கள். என் அப்பா காலத்திலிருந்து பூ வெட்டுகிற குடும்பம் எங்களுடையது.

கோவை அலுவலகத்துக்குப் பூவோடு வரச் சொன்னதும் நீங்கள்தான். ஈரச்சாக்கில் தண்டுகளைச் சுற்றி ராத்திரி ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். விடிந்து போனால் அலுவலர் வெளியூர், யாருக்கும் விவரம் தெரியாது. வெளியே பெஞ்சில் மத்தியானம் வரை உட்கார வைத்து, கடைசியில் "மிச்ச விதை இருக்கா? இருந்தாத்தான் டெஸ்ட் பண்ண முடியும்" என்றார்கள். விதைத்தவன் மிச்சம் வைப்பானா? விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான், சோதனைக்கு விதை எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அவனிடம் எதிர்பார்க்க முடியாது என்று 2012லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என் பாக்கெட் வந்த லாட்டின், அதாவது அந்த விதைத் தொகுதியின், மாதிரி உங்களிடம் இருக்கும், அதைச் சோதியுங்கள்.

சண்டை போட எனக்கு ஆசையில்லை. உங்கள் மற்ற விதைகளை வாங்கி நன்றாகவே விளைந்திருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. விதைப் பணம், குத்தகை, ஆள் கூலி, திருப்பிக் கொடுத்த முன்பணம் எல்லாம் தர வேண்டும். அந்த லாட்டில் சொன்ன ரகம்தான் இருக்கிறதா என்று காட்டும் இனத்தூய்மை அறிக்கை வேண்டும். அந்தத் தம்பி என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். 15 நாளில் எழுத்தில் பதில் வரவில்லை என்றால் விதை ஆய்வுத் துறையிலும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் போகும். வக்கீலிடம் பேசியாகிவிட்டது. தயவுசெய்து அதுவரை போக விடாதீர்கள்.

பில் நகல், லாட் நம்பர் தெரிகிற பாக்கெட் படம், தட்டு, பூ படங்கள் இணைத்திருக்கிறேன். அசல் பாக்கெட் என்னிடம் இருக்கிறது, அலுவலர் தோட்டத்துக்கு நேரில் வந்தால் காட்டுவேன். தபாலில் அனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.