அறைத்தோழிக்கு, கவுன்சிலிங் போகும் முன்

அன்புள்ள அறைத்தோழிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் மகளின் ஹாஸ்டல் சாப்பாடு, மாமியாரின் முழங்கால், மாடிச் சுவரின் ஓதம். கடைசி அரைப் பக்கத்தில், அதுவும் வேறு பேனாவில், விஷயம்: "அவர் ஹாலில், நான் பொண்ணு ரூமில். ரெண்டு வருஷமாச்சு. சண்டை ஒண்ணும் இல்லை. இந்தக் கவுன்சிலிங் எல்லாம் நமக்கு ஒத்து வருமா?"

ஓதத்துக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிச்சுவர் விரிசலை அடைக்காமல் உள்ளே பெயின்ட் அடிக்காதே, அடுத்த மழைக்கே உரிந்துவிடும். மற்றதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன் அரைப் பக்கத்தில் இருப்பது நம் ஊரில் பாதி வீடுகளின் வரலாறு. குழந்தை பிறந்ததும் நடுவில் படுக்கும். பிறகு பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ; அம்மா குழந்தையோடு விழித்திருப்பாள், அப்பா டிவி முன்னால் தூங்கிப்போவார். இடையில் ஒரு நாள் அவர் கை நீட்டியிருப்பார், நீ "உடம்பு வலிக்குது" என்றிருப்பாய். அது உண்மையாகவே வலிதான். இரண்டு மூன்று தடவை அப்படி நடந்ததும் அவர் கேட்பதை நிறுத்திவிடுவார். "அவருக்கே வேண்டாம் போல" என்று நீ நினைத்துக்கொள்வாய். இதற்கப்புறம் நடப்பதுதான் பெரிய சேதம்: தோளில் கை வைத்தால்கூட "இது எங்கே போய் முடியுமோ" என்று ஒருவர் பயப்பட, "தப்பா எடுத்துப்பாளோ" என்று மற்றவர் ஒதுங்க, சும்மா தொட்டுக்கொள்வதும் போய்விடும். தாம்பத்திய உறவு நின்றதைவிட இந்தச் சும்மாத் தொடுதல் நின்றதைத்தான் கவுன்சிலர் முதலில் விசாரிப்பார்.

ஆசை தானாக வரவேண்டும், அது வந்த பிறகுதான் மற்றதெல்லாம் என்று நீயும் நம்புகிறாய், அவரும் நம்புவார். கல்யாணமான புதிதில் அது சரி. இருபது வருடம் கடந்தவர்களில் பலருக்கு, பெண்களுக்குக் குறிப்பாக, வரிசை தலைகீழ். நெருக்கம் முதலில், உடல் இளகுவது அடுத்து, ஆசை அதற்கும் பின்னால். கனடாவின் ரோஸ்மேரி பாஸன் என்ற மருத்துவர் 2000-ல் இதை ஒரு வரைபடமாகவே போட்டுக் காட்டினார். தானாக ஆசை வரவில்லை என்பது நோய் ஆகாது. வரட்டும் என்று ஆளுக்கொரு அறையில் காத்திருந்தால் வராது, அவ்வளவுதான்.

கவுன்சிலிங்குக்கு முன் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை விட்டுவிட்டுப் பத்து செஷன் பேசி வீணாக்கியவர்கள் ஏராளம். நம் நாட்டில் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் பிறப்புறுப்பின் தோல் மெலிந்து வறண்டுவிடும். உறவு கத்தி கீறியதுபோல் எரியும். வலிக்கும் என்று தெரிந்த இடத்துக்கு உடம்பு எப்படி ஆசையோடு போகும்? மகப்பேறு மருத்துவரிடம் வெட்கப்படாமல் "வறட்சி, எரிச்சல்" என்ற இரண்டு வார்த்தையைச் சொல். உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் எழுதித் தருவார். பலன் தெரியச் சில வாரம் ஆகும். மார்பகப் புற்று வந்தவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உறவின்போது தண்ணீர் கலந்த லூப்ரிகன்ட் ஜெல் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். தேங்காய் எண்ணெய் பலருக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் ஆணுறை போடுகிறவர்கள் எண்ணெய் பக்கமே போகக்கூடாது, ரப்பர் கிழிந்துவிடும். சோப்புப் போட்டு உள்ளே கழுவுவதை இன்றோடு நிறுத்து. அதுவும் வறட்சியைக் கூட்டும்.

அவர் பக்கம் சர்க்கரை வியாதி. எத்தனை வருடமாக இருக்கிறது என்று நீ எழுதவில்லை. ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய் இதயத்துக்குப் போவதைவிட மெல்லியது. அடைப்பு வந்தால் முதலில் இங்கேதான் தெரியும். ஐம்பது வயதில் விறைப்புக் குறைந்தால் இதயத்தையும் பார்க்கச் சொல்வது அதனால்தான். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, தைராய்டு, காலை பத்து மணிக்குள் எடுத்த டெஸ்டோஸ்டிரோன், இத்தனையும் பார்த்துவிடுங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சில பிரஷர் மாத்திரைகளும், மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் பலவும் ஆசையையே அமுக்கிவிடும். ஆனால் தானாக நிறுத்தக்கூடாது. மாற்று மாத்திரை உண்டு, டாக்டர் மாற்றித் தருவார்.

ஒன்றை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் விறைப்புக்குத் தரும் சில்டெனாஃபில் (வயாக்ரா) வகை மாத்திரையைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. டாக்டர் எழுதிக் கொடுத்து எடுத்துக்கொள்பவர்கள்கூட வயிறு முட்டப் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போட்டால் அது மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆசையும் தொடுதலும் இல்லாமல் வெறும் மாத்திரை மட்டும் ஒன்றும் செய்யாது. லாட்ஜ் அறையில் மாதம் ஒருமுறை முகாம் போடும் ஆட்கள் பக்கம் போகவேண்டாம். ஆண்மை மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-லேயே சட்டம் போட்டுத் தடுத்தாகிவிட்டது. விளம்பரம்தான் நின்றபாடில்லை.

இனி கவுன்சிலிங். முதல் செஷன் இருவரோடும், பிறகு ஆளுக்கொரு தனி செஷன், நாலாவதிலிருந்து சேர்ந்து என்பது பொதுவான நடை. ஒவ்வொன்றும் ஐம்பது நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி வரை. முதலில் வாரம் ஒன்று, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று. எட்டிலிருந்து இருபது செஷனுக்குள் ஒரு உருவம் வந்துவிட வேண்டும். ஆறு செஷன் முடிந்தும் ஒரு வீட்டுப்பாடம்கூடத் தரவில்லை என்றால் ஆளை மாற்று.

வீட்டுப்பாடங்களில் பெயர்போனது தொடுதல் பயிற்சி. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் மாஸ்டர்ஸும் வர்ஜீனியா ஜான்சனும் உருவாக்கி, 1970-ல் உலகுக்குச் சொன்னது. இன்றும் இதை மிஞ்சி ஒன்று வரவில்லை என்பது என் கட்சி. முதல் விதியே விசித்திரமாக இருக்கும்: உறவு கூடாது. கவுன்சிலர் தடை போட்டுவிடுவார். "முடியுமா, முடியாதா" என்று இருவர் தலையிலும் தொங்கும் பரீட்சை அந்த நிமிடமே ரத்தாகிவிடும்.

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள். இரவு பதினோரு மணி வேண்டாம், தூங்கிவிடுவீர்கள். ஞாயிறு மதியம் நல்லது. போன் இரண்டும் வேறு அறையில். தாழ்ப்பாள் கிறீச்சிட்டால் அதற்கு முதல் நாளே எண்ணெய் விட்டுவிடு. சிரிக்காதே, மாமியார் ஹாலில் இருக்கும் வீட்டில் அந்தச் சத்தம் ஒன்று போதும், உடம்பு விறைத்துக்கொள்ளும். ஒருவர் படுக்க, மற்றவர் இருபது நிமிடம் தொட வேண்டும். பிறகு முறை மாறும். முகம், கழுத்து, முதுகு, கை, கால். மார்பும் பிறப்புறுப்பும் முதல் கட்டத்தில் விலக்கு. கூச்சமாக இருந்தால் நைட்டியோடும் வேட்டியோடுமே ஆரம்பிக்கலாம்.

இங்கேதான் எல்லோரும் வழுக்குவார்கள். இது மசாஜ் கிடையாது. முதுகுவலி போக்கிவிடுவது நோக்கமில்லை. தொடுகிறவர் தன் விரலுக்குக் கீழே என்ன தெரிகிறது என்று மட்டும் கவனிக்க வேண்டும்: முழங்கை சொரசொரப்பு, காதுமடலின் குளிர்ச்சி, கழுத்தோரத்துச் சூடு. "அவளுக்குப் பிடிக்குதா, நான் சரியாச் செய்யறேனா" என்று தலை ஓட ஆரம்பித்தால், திரும்பவும் விரலுக்கு வர வேண்டும். படுத்திருப்பவருக்கு ஒரே வேலை, சங்கடமாக இருந்தால் சொல்வது. வாயால் சொல்ல வரவில்லை என்றால் அவர் கையின்மேல் உன் கையை வைத்து வேறு இடத்துக்கு நகர்த்து. சிரிப்பு வரும், வரட்டும். அழுகையும் வரும், அப்போது நிறுத்திவிட்டுப் பக்கத்தில் படுத்திருந்தால் போதும்.

இரண்டு வாரம் இப்படிப் போய், பதற்றம் தணிந்த பிறகுதான் அடுத்த கட்டம். விலக்கிய இடங்களும் சேரும், ஆனால் கிளர்ச்சியூட்டுவது குறியாக இருக்கக்கூடாது. மூன்றாவதில் இருவரும் ஒரே நேரத்தில். கடைசியாகத்தான் உறவு, அதுவும் அசையாமல் நெருங்கியிருப்பதில் ஆரம்பித்து. மொத்தம் இரண்டு, மூன்று மாதம் ஆகலாம்.

மூன்றாம் நாளே தடையை மீறிவிட்டு "சரியாயிடுச்சு டாக்டர்" என்று வருபவர்கள் உண்டு. நல்லபடியாக முடிந்திருந்தால் அதிர்ஷ்டம். முடியாமல் போயிருந்தால் பழைய பயம் இரட்டிப்பாகும். மறுபடி முதல் படி. மீறியதில் ஒருவருக்கு உள்ளூர விருப்பமில்லை என்றால் அதைவிட மோசம், "தடை என்றாலும் இவர் கேட்கமாட்டார்" என்று அவள் உடம்பு குறித்துவைத்துக்கொள்ளும். இன்னொரு வகையினர் வாஷிங் மெஷின் போடுவதுபோல் முடித்து டிக் அடித்துவிடுவார்கள். அவர்களிடம் கவுன்சிலர் பயிற்சியை நிறுத்திவிட்டுக் கோபத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். உள்ளே பழைய கணக்கு ஏதாவது பாக்கி இருக்கும்: பிரசவத்தின்போது வராதது, நகையை அடகு வைத்தது, தம்பிக்குக் கொடுத்த பணம்.

அந்தக் கணக்கைப் பேசவும் முறை இருக்கிறது. ஜான் காட்மன் என்பவர் சியாட்டிலில் தம்பதிகளைக் கேமரா வைத்து, நாடித்துடிப்பும் அளந்து வருடக்கணக்கில் கவனித்தவர். வாக்குவாதத்தில் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் காதில் எதுவும் ஏறாது. இருபது நிமிடமாவது இடைவெளி விட வேண்டும். ஆனால் பேசாமல் எழுந்து போகக்கூடாது. "எட்டரைக்குப் பேசலாம்" என்று நேரம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், எட்டரைக்கு வரவும் வேண்டும். நம் ஆட்கள் முதல் பாதியைச் சரியாகச் செய்வார்கள்.

"நீங்க எப்பவுமே இப்படித்தான், உங்க அம்மா மாதிரி" என்று தொடங்கினால் அந்தப் பேச்சு அங்கேயே செத்துவிடும். "நேத்து சாப்பிடறப்ப போனையே பாத்துட்டிருந்தீங்க, எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. சாப்பிடற நேரம் மட்டும் போனை வெச்சிடுங்க" என்பதில் ஒரு சம்பவம், ஒரு உணர்ச்சி, ஒரு வேண்டுகோள் மூன்றும் இருக்கிறது. வாரம் ஒருநாள், ஆளுக்குப் பத்து நிமிடம். ஒருவர் பேச, மற்றவர் பதில் சொல்லாமல் கேட்டு, கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். பழக்கமில்லாதவர்களுக்குத் தொடுவதைவிட இது கடினம்.

காட்மன் சொன்னதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. "வானம் இருட்டிட்டு வருது பாரேன்" என்று ஒருவர் சொன்னால், மற்றவர் ஜன்னல் பக்கம் திரும்புகிறாரா என்பதை அவர் எண்ணிப் பார்த்தார். புதுமணத் தம்பதிகளை ஆறு வருடம் கழித்துப் பார்த்தபோது, சேர்ந்திருந்தவர்கள் முன்பு இப்படிப்பட்ட அழைப்புகளில் 86 சதவீதத்துக்கும், பிரிந்துபோனவர்கள் 33 சதவீதத்துக்கும்தான் திரும்பியிருந்தார்கள். உன் வீட்டில் இன்றைக்கே செய்யக்கூடியது இதுதான். அவர் பேப்பரிலிருந்து எதையாவது வாசித்துக் காட்டினால் மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கேள்.

ஆளைத் தேடும்போது கவனம். கவுன்சிலர் என்று போர்டு மாட்டுவது நம் ஊரில் சுலபம். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கும், கேட்டு வாங்கு. தம்பதிகளுக்கான சிகிச்சையில் தனிப் பயிற்சி உண்டா, தனி செஷனில் ஒருவர் சொல்லும் ரகசியத்தை என்ன செய்வார், இரண்டையும் முதல் போனிலேயே கேட்டுவிடு. "நீதாம்மா கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்" என்று முதல் நாளே சொல்பவரிடம் இரண்டாவது நாள் போகாதே. தனியாரிடம் ஒரு செஷனுக்கு ஆயிரம் முதல் மூவாயிரம் வரை வாங்குகிறார்கள். பணம் பிரச்சினை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவு இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குடும்பங்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

உனக்கு இது பொருந்தாது, ஆனாலும் எழுதிவிடுகிறேன், வேறு யாராவது உன்னிடம் கேட்கக்கூடும். அடி உதை இருக்கும் வீட்டில் இருவரையும் சேர்த்து உட்கார வைப்பது தவறு. அங்கே உண்மை சொன்னதற்கு வீட்டில் அடி விழும். அவளுக்கு 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கொடு. குடிக்கு அடிமையானவருக்கு முதலில் குடிக்கான சிகிச்சை.

அவரை எப்படி அழைப்பது என்று கேட்டிருந்தாய். "உங்களுக்குப் பிரச்சினை, வாங்க" என்று சொன்னால் வரமாட்டார். ராத்திரி படுக்கையிலும் சொல்லாதே. நடைப்பயிற்சியிலோ காரிலோ, முகம் பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது, "எனக்கு உங்க பக்கத்துல இருக்கணும் போல இருக்கு. எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலை. மூணே தடவை போய்ப் பாப்போம், பிடிக்கலைன்னா விட்டுடலாம்" என்று சொல்லிப் பார். மூன்று என்ற எண் முக்கியம். முடிவு தெரிந்தால் ஆண்கள் துணிந்து வருவார்கள். உடனே பதில் வராது. ஒரு வாரம் விட்டுவிடு, திரும்பக் கேட்காதே.

பயிற்சி நடப்பது எப்படி என்று எனக்கு எழுத வேண்டாம். அது உங்கள் இருவருக்குள் இருக்கட்டும். ஆள் கிடைத்தாரா என்று மட்டும் எழுது. மாடிச் சுவருக்கு எவ்வளவு ஆனது என்றும்.

உன்,
ஜன்னலோரக் கட்டில்காரி