வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: லிண்டோஸ் வாசலில் நாங்கள் ஏன் நின்றுவிடுகிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கிரேக்க நாட்டு ரோட்ஸ் தீவிலிருந்து எழுதுகிறோம். இந்தப் பருவத்தில் எங்கள் வேனில் வந்தவர்கள், முந்தைய ஆண்டுகளில் வந்துபோனவர்கள், வரும் விடுமுறைக்கு முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடல். தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை, அதனால்தான்.

விஷயம் உங்களில் பலருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. லண்டனில் கிளம்பி, பாரிஸ், சூரிக் எல்லாம் போய், கடைசியில் ஊரிலிருக்கும் என் அத்தை மகன் வழியாக எனக்கே வந்து சேர்ந்தது. "இது உங்க வண்டியைப் பத்தியா அண்ணே?" என்று கேட்டு அனுப்பியிருந்தான். எங்கள் வண்டியைப் பற்றித்தான். "தமிழ்ல சுத்திக் காட்டுறோம்னு சொல்லிக் காசு வாங்கினாங்க. வழியெல்லாம் நல்லாத்தான் பேசினார். லிண்டோஸ் மலைக்குப் போனதும் நீங்க போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டு அவர் காப்பி குடிக்க உட்கார்ந்துட்டார்." சாரம் இவ்வளவுதான். (லிண்டோஸ் மலை என்பது மேலே பழைய அத்தீனா கோயிலின் இடிபாடுகள் இருக்கும் தொல்லியல் இடம்.) பேசிய அம்மா மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னது நடந்ததுதான், காப்பி குடித்ததும் உண்மைதான். ஆனால் நான் சோம்பலில் உட்கார்ந்துவிட்டேன் என்பது போல ஒரு சிரிப்பு அந்தப் பதிவின் கடைசியில் வருகிறது பாருங்கள், அதுதான் உறுத்துகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரேக்க நாட்டில் தொல்லியல் இடங்களுக்குள்ளும் அருங்காட்சியகங்களுக்குள்ளும் ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு போய் விளக்கிச் சொல்வது, உரிமம் பெற்ற வழிகாட்டிகளுக்கு மட்டுமே சட்டம் கொடுத்திருக்கிற வேலை. அது ஏதோ ஒரு நாள் வகுப்புக்குப் போய் வாங்கிவிடும் சான்றிதழ் இல்லை. அதற்கென்று முறையாகப் படித்து, தேர்வு எழுதித் தேற வேண்டும். உள்ளே போகும்போது அட்டையைக் கழுத்தில் மாட்டியிருப்பார்கள். எந்த மொழியில் வழிகாட்டலாம் என்பதும் அதில் இருக்கும். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன் எல்லாம் உண்டு. தமிழ் போட்ட அட்டையை நான் இதுவரை கண்டதில்லை. நான் வேன் ஓட்ட உரிமம் வைத்திருப்பவன். உள்ளே நாலு பேரை நிற்க வைத்து, கையை நீட்டி, "இதுதான் அத்தீனா கோயில்" என்று நான் ஆரம்பித்தால் காவலர் வந்து அட்டையைக் கேட்பார். என்னிடம் இல்லை. அப்புறம் அபராதம், வழக்கு, எங்கள் நிறுவன உரிமத்துக்கே சிக்கல். இதற்கெல்லாம் துணிந்து உள்ளே வரச் சொல்கிறீர்களா?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். இந்தச் சட்டம் நம்மைத் தொந்தரவு செய்ய வந்ததல்ல. வாய்க்கு வந்ததைச் சொல்லிக் காசு பார்ப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மண்ட்ராகி துறைமுகத்தில் நில்லுங்கள், பழங்கால ஏழு அதிசயங்களில் ஒன்றான ரோட்ஸின் பெரிய சிலை இரண்டு காலையும் அகட்டி வைத்து நின்றதும் கப்பல்கள் அடியில் நுழைந்து போனதும் இங்கேதான் என்று யாராவது சொல்வது காதில் விழும். அப்படி நிற்கவே இல்லை, அது பிற்காலத்தார் கற்பனை. லிண்டோஸ்காரர் காரெஸ் வார்த்த அந்த வெண்கலச் சிலை சுமார் 33 மீட்டர் உயரம், கி.மு. 226 வாக்கில் நிலநடுக்கத்தில் விழுந்தது. எந்த இடத்தில் நின்றது என்பதே இன்னும் முடிவாகாத கேள்வி. இன்று துறைமுக வாயிலில் தூண்களின் மேல் நிற்பவை ஆணும் பெண்ணுமாக இரண்டு வெண்கல மான்கள், அவ்வளவுதான். "சிலையைக் காட்டவே இல்லை" என்று போன வருடம் ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்தார். இல்லாத சிலையை எப்படி ஐயா காட்டுவது?

சரி, லிண்டோஸுக்கு வருகிறேன். வாசலில் நிறுத்திக்கொள்கிறோம் என்பதற்காக நாங்கள் சும்மா இருப்பதில்லை. ரோட்ஸ் நகரத்திலிருந்து லிண்டோஸ் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அந்த ஒரு மணி நேரமும் வேனில் நடப்பது என்ன என்று வந்தவர்களைக் கேளுங்கள். லிண்டோஸ், இயாலிசோஸ், காமிரோஸ் ஆகிய மூன்று பழைய நகரங்கள் சேர்ந்து கி.மு. 408இல் ரோட்ஸ் நகரத்தை உண்டாக்கிய கதை, 1522இல் ஒட்டோமான் சுல்தான் சுலைமான் முற்றுகையிட்டு, தீவை ஆண்ட கிறிஸ்தவ வீரத்துறவிகளை வெளியேற்றிய கதை, 1912இல் இத்தாலியர்கள் வந்து உட்கார்ந்த கதை, எல்லாம் தமிழில். மலைக்குப் போகும் முன் பெரிய படங்களை அச்சடித்துக் கையில் கொடுத்து, எங்கே எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்புகிறோம்.

குறிப்பாக அந்தப் பாறைக் கப்பல். டிக்கெட் காட்டி உள்ளே போனதும், செங்குத்தான படிக்கட்டு தொடங்கும் இடத்திலேயே, மலைப் பாறையில் ஒரு கப்பலின் பின்பகுதியை அப்படியே செதுக்கி வைத்திருக்கிறார்கள். கி.மு. 180 வாக்கில் பிதோக்ரிதோஸ் என்ற சிற்பி செய்தது. சுக்கான் துடுப்பு, மாலுமி உட்காரும் இருக்கை எல்லாம் தெரியும். கப்பலின் தளம் மட்டும் மொட்டையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல்தான் ஹகேசாந்த்ரோஸ் என்பவரின் சிலை நின்றது, இப்போது இல்லை. கப்பலே சிலைக்குப் பீடம். பாதிப் பேர் மூச்சு வாங்கிக்கொண்டு படியையே பார்த்தபடி அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். எங்கள் ஆட்கள் மட்டும் நின்று, பக்கவாட்டில் குனிந்து பார்ப்பார்கள். ஏனென்றால் வேனிலேயே படத்தைக் காட்டியாகிவிட்டது. அந்தக் குரல் பதிவு அம்மாவின் மகன்கூட அங்கே எடுத்த படத்தை எனக்கு அனுப்பியிருந்தார்!

உள்ளே எங்களோடு வந்துகொண்டிருந்த உரிமம் பெற்ற வழிகாட்டியை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தூண்களைக் காட்டி எது பழைய கல், எது பின்னால் வைத்த கல் என்று நிறத்தை வைத்தே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார். "நன்றி, மெதுவாக, தண்ணீர்" என்று மூன்று தமிழ்ச் சொற்களும் அவருக்கு அத்துபடி. பெரிய கப்பல் நிறுவனம் ஒன்று பருவம் முழுவதற்கும் ஒப்பந்தம் கொடுத்து அவரை எடுத்துக்கொண்டது. எங்களால் அந்தச் சம்பளம் கொடுக்க முடியாது. அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

இனி டிக்கெட் விவகாரம். லிண்டோஸ் மலைக்கு நுழைவுக் கட்டணம் 12 யூரோவாக இருந்தது. 2025 ஏப்ரலிலிருந்து 20 யூரோ. இதை வைத்தவர்கள் கலாசார அமைச்சகம், நாங்கள் இல்லை. ஒரே வேனில் வந்த இரண்டு குடும்பங்களில் ஒருவர் பிள்ளைகளுக்குப் பணம், இன்னொருவர் பிள்ளைகளுக்கு இலவசம் என்று எங்களிடம் சண்டைக்கு வந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை உள்ள 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அரசுத் தொல்லியல் இடங்களில் இலவசம், அடையாள அட்டையைக் காட்டினால் போதும். பாரிஸ் பிள்ளைக்கு அது கிடைக்கும். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு லண்டன் பிள்ளைக்கு அந்த உரிமை இல்லை, இந்தியக் கடவுச்சீட்டுக்கும் இல்லை. ஒன்றுவிட்ட சகோதரிகள் இருவருக்கும் வேறு வேறு கடவுச்சீட்டு என்றால் அதில் நாங்கள் செய்வதற்கு என்ன இருக்கிறது? ஓட்டலில் இரவுக்கு இவ்வளவு என்று வாங்கும் காலநிலைக் கட்டணமும் அப்படித்தான். நான்கு நட்சத்திர ஓட்டலில் கோடைக்காலத்தில் அறைக்கு ஓர் இரவுக்கு 10 யூரோ வரும். அது அரசுக்குப் போகும் பணம். அதில் ஒரு சென்ட்கூட எங்கள் பைக்கு வருவதில்லை.

பட்டாம்பூச்சிப் பள்ளத்தாக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. "பிள்ளைகளைக் கை தட்ட விடவில்லை, அதட்டினார்கள்" என்று ஒரு புகார். பெத்தலூதஸ் பள்ளத்தாக்கில் இருப்பவை உண்மையில் அந்துப்பூச்சிகள். கோடையில் ஓடைக்கரையின் நிழலுக்கும் ஈரத்துக்கும் ஆயிரக்கணக்கில் வந்து மரத்தண்டுகளில் ஒட்டிக்கொள்ளும். உட்கார்ந்திருக்கும்போது கறுப்புப் பழுப்பில் வெளிர்மஞ்சள் கோடு மட்டும்தான், மரப்பட்டை என்றே நினைப்பீர்கள். பறந்தால்தான் உள் இறக்கையின் சிவப்புத் தெரியும். அதைப் பார்க்கத்தான் முன்பெல்லாம் விசில் அடித்துக் கிளப்பிவிடுவார்கள். அந்த வாரங்களில் பூச்சிகள் தீனி எடுப்பதில்லை, உடம்பில் சேர்த்து வைத்த சக்தியில்தான் முட்டையிடும் காலம்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். வீணாகப் பறந்தால் அந்தச் சக்தி தீர்ந்துவிடும். அதனால்தான் சத்தம் போடத் தடை. பலகையே வைத்திருக்கிறார்கள். என் மைத்துனர் உதட்டில் விரல் வைத்தது அதட்டல் ஆகாது என்பது எங்கள் எண்ணம்.

லிண்டோஸ் மலைக்கு ஏறிப் போகக் கழுதை ஏன் ஏற்பாடு செய்வதில்லை என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 100 கிலோவுக்கு மேல், அல்லது அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்று 2018இல் அரசே விதி போட்டிருக்கிறது. அந்த வெயிலில் அவை நிற்பதைப் பார்த்தால் உங்களுக்கே ஏற மனசு வராது. முட்டி வலி உள்ள பெரியவர்களுக்குக் கீழேயே நிழலான மொட்டைமாடி உணவகம் ஒன்றில் இடம் சொல்லி வைக்கிறோம். நான் காப்பி குடிப்பதும் அவர்களுக்குத் துணையாகத்தான். அங்கே பிதாரூதியா கிடைக்கும். கொண்டைக்கடலையை அரைத்து வெங்காயமும் புதினாவும் போட்டுப் பொரித்தது, நம் மசால் வடைக்கு ஒன்றுவிட்ட தம்பி. சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்தத் தீவில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

இந்தப் பருவத்திலிருந்து நுழைவுச் சீட்டு வேன் கட்டணத்தில் சேராது, கட்டணமும் ஆளுக்கு 10 யூரோ கூடுகிறது, மலைக்குள் ஆங்கில வழிகாட்டி செவ்வாய், வெள்ளி பயணங்களில் மட்டும் வருவார். கோடையில் கிளம்பும் நேரத்தைத் தவிர, மற்றபடி எல்லாம் வழக்கம் போலத்தான்.

மலை மேல் இருக்கும் சம்பிகா மாதா மடத்து நிறுத்தம் அப்படியே இருக்கிறது. பிள்ளை வரம் வேண்டி ஏறக்குறைய 300 படி ஏறி வருகிற பெண்களையும், அந்த வேண்டுதலில் பிறந்து சம்பிகோஸ், சம்பிகா என்று பெயர் வாங்கிய பாதித் தீவையும் பற்றிச் சொன்னால் நம் ஆட்களுக்கு விளக்கமே தேவைப்படுவதில்லை. "எங்க ஊர்லயும் இப்படித்தான்" என்று அவர்களே ஆரம்பித்துவிடுவார்கள். ஏழு ஊற்றுகள் என்ற இடத்தில் 186 மீட்டர் நீளமுள்ள இருட்டுச் சுரங்கத்துக்குள் கணுக்கால் தண்ணீரில் நடப்பதும் தொடரும். பிள்ளைகள் கோயிலை மறந்தாலும் அதை மறப்பதில்லை.

நன்றி சொல்ல வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. 2023 ஜூலையில் தீவின் தென்கிழக்கில் காடு எரிந்தபோது, லார்தோஸ், கியோதாரி பக்கமிருந்து சுமார் 19,000 பேரைத் தரை வழியாகவும் கடல் வழியாகவும் வெளியேற்றினார்கள். தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குத் தீவு முழுக்கச் சாம்பல் என்று தோன்றியிருக்கும். கோட்டை நகரத்தில் கடைகள் திறந்துதான் இருந்தன, ஆனால் எங்களுக்குத் தொலைபேசி அடித்தால் அது ரத்து செய்யவே என்றாகிவிட்டது. அப்போது முன்பணத்தைத் திருப்பிக் கேட்காமல் "அடுத்த வருஷம் வர்றோம், வச்சிருங்க" என்று சொன்னவர்கள் உங்களில்தான் இருக்கிறீர்கள். சொன்னபடி வந்தும் விட்டீர்கள், அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அந்தக் குளிர்காலத்தில் வண்டித் தவணை கட்டியது உங்கள் பணத்தில்தான். இதை வாயால் சொன்னால் தொண்டை அடைத்துவிடும் என்பதால் எழுதிவிடுகிறேன்.

அந்தக் குரல் பதிவு உங்களிடம் வந்திருந்தால், இந்த மடலையும் அதே குழுவில் போடுங்கள், அது போதும். யாரோடும் சண்டை வேண்டாம். பேசிய அம்மா மறுபடி ரோட்ஸ் வந்தால் ஒரு செவ்வாயாகப் பார்த்து வரச் சொல்லுங்கள், காப்பி என் கணக்கு.

ஜூலை, ஆகஸ்ட் பயணங்களுக்கு இனி காலை ஏழே காலுக்கே வேன் கிளம்பும். பெரிய கப்பல்களின் கூட்டம் மலையில் ஏறுவதற்கு முன் நீங்கள் ஏறி இறங்கிவிடலாம். மிதிபட்டு மழமழப்பான கற்படிகள், அதனால் செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள காலணி போட்டு வாருங்கள். 25 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் அடையாள அட்டையை ஓட்டல் பெட்டகத்தில் பூட்டி வைத்துவிட்டு வராதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வேன்காரரும் குடும்பத்தாரும்
ரோட்ஸ்