பார்க்காமலே மட்டம், பார்க்காமலே உயர்வு

ஆசிரியருக்கு வணக்கம்.

மக்களின் ரசனை கெட்டுவிட்டது என்று வருத்தப்பட்ட கட்டுரையைப் போன இதழில் படித்தேன். கானா கேட்பவர்களையும் சீரியல் பார்ப்பவர்களையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, தெருக்கூத்து மாதிரி உயர்ந்த கலையை இவர்கள் கைவிட்டுவிட்டார்களே என்று முடித்திருந்தார் அதை எழுதியவர். எனக்குச் சொந்த ஊர் செய்யாறு பக்கம், அதனால்தான் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் பள்ளியில் படித்த காலத்தில் கூத்துப் பார்க்கப் போனேன் என்று வெளியில் சொல்ல முடியாது. கண் சிவந்துபோய் வகுப்பில் உட்கார்ந்திருந்தால் வாத்தியார், 'என்னடா, கூத்தாடிப் பயலாட்டம் வந்திருக்க?' என்பார். கூத்தாடி என்பது அப்போது வசவு, இப்போதும் பல வீடுகளில் அப்படித்தான்.

எங்கள் அப்பா கையெழுத்து மட்டும்தான் போடுவார். திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில், அதாவது மகாபாரதக் கதையைக் கூத்தாக ஆடுகிற திருவிழாவில், விடிய விடியக் கோணிச் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார். இரண்டு பேர் திரை பிடிக்க, பின்னால் வேஷக்காரர் பாடிக்கொண்டு நிற்பார், மேலே கிரீடத்தின் நுனியும் கீழே சலங்கைக் காலும் மட்டும்தான் தெரியும். அந்தக் கால் வைக்கிற அடியை வைத்தே இன்றைக்குக் கர்ணன் யார் கட்டியிருக்கிறார் என்று சொல்லிவிடுவார். ஒரு விருத்தத்தில் ஓரடி விட்டுப் பாடினாலும் போதும், விடிந்து வீடு வருகிற வரைக்கும் அதையே சொல்லிப் புலம்புவார். அவரையும் அந்தக் காலத்தில் ரசனை தெரியாத பாமரன் என்றுதான் சொன்னார்கள்.

அப்புறம் 1977இல் எழுத்தாளர் ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார், நகரத்து நாடகக்காரர்கள் எங்கள் பக்கத்துக் கூத்து ஊரான புரிசைக்குத் தேடி வந்தார்கள். 2025இல் கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்குப் பத்மஸ்ரீ, அதே வருஷம் பறையிசைக்காக வேலு ஆசானுக்கும் பத்மஸ்ரீ. மனசு நிறைந்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அன்றைக்குக் கூத்தைப் பார்க்காமலே மட்டம் என்றார்கள், இன்றைக்கு அதே ஆட்கள் பார்க்காமலே உயர்ந்த கலை என்கிறார்கள், இரண்டிலும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது கானாவையும் அப்படியேதான் பேசுகிறார்கள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எழுதட்டும், சரி. கேட்கிறவனுக்கு அறிவில்லை என்று எழுத இவருக்கு என்ன உரிமை?

கட்டுரையாளரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். கோடையில் எங்கள் பக்கம் பாரதம் நடக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் வரட்டும், உட்காரச் சாக்கு நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், செய்யாறு