எட்டு பாராமீட்டர்னு சொல்லி ஏத்துற ரேட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டாக்டர் ரத்தத்துல கொழுப்பு பாக்குற லிப்பிட் ப்ரொஃபைல் டெஸ்ட் பாத்துட்டு வாங்கன்னு சீட்டுல எழுதிக் குடுத்தாரு, சரி நாலு இடத்துல விசாரிச்சுட்டுப் போவோமேன்னு ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கா போன் போட்டேன். முதல்ல கேட்ட இடத்துக்கும் கடைசியா கேட்ட இடத்துக்கும் ரேட்டு மூணு மடங்கு வித்தியாசம். எடுக்கப்போறது அதே கையில அதே ரத்தம்.

ஏங்க இவ்ளோ கூடன்னு கேட்டதுக்கு போன்ல பேசுன பொண்ணு, "சார், மத்த இடத்துல அஞ்சு பாராமீட்டர்தான், எங்ககிட்ட எட்டு"ன்னு சொல்லுச்சு. பாராமீட்டர்னா ரிப்போர்ட்ல வர்ற ஒவ்வொரு அளவு. கேக்க நியாயமாத்தான் இருந்துச்சு. அப்புறம் என்னோட பழைய ரிப்போர்ட்ட எடுத்து வச்சுப் பாத்தேன். மொத்த கொலஸ்ட்ரால் 210, நல்ல கொழுப்புன்னு சொல்ற எச்டிஎல் 45, ட்ரைகிளிசரைடுங்கற இன்னொரு வகைக் கொழுப்பு 150. பொதுவா மெஷின் அளக்குறது இந்த மூணத்தான். 150ஐ அஞ்சால வகுத்தா 30, அது விஎல்டிஎல்ங்கற வேற ஒரு வகை. 210ல இருந்து 45யும் 30யும் கழிச்சா 135, அது கெட்ட கொழுப்புன்னு சொல்ற எல்டிஎல். 1972லயே ஃப்ரீடுவால்டுங்கறவரு கூட ரெண்டு பேரோட சேர்ந்து போட்டுக் குடுத்த ஃபார்முலா இது. அஞ்சு ஆச்சா, மிச்சம் மூணு என்னன்னா, மொத்தத்துல எச்டிஎல் போக மீதியான நான்-எச்டிஎல்லும் ரெண்டு ரேஷியோவும், அதுவும் கழித்தல் வகுத்தல்தான். கால்குலேட்டர் தட்டுறதுக்கா காசு?

ட்ரைகிளிசரைடு 400க்கு மேல போனா இந்த ஃபார்முலா சரிவராது, அப்போ டைரக்ட் எல்டிஎல்னு தனியா அளக்கணும், அதுக்கு கூட வாங்குனா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா உங்க எல்டிஎல் டைரக்டா அளந்ததா, இல்ல கணக்கு போட்டதான்னு கேட்டா ரெண்டு இடத்துல பதிலே இல்ல, லைன்ல இருங்கன்னுட்டு பாட்டு போட்டு விட்டாங்க.

இன்னொண்ணு, போன்ல சொல்றது வெறும் டெஸ்ட் ரேட்டு. குறைச்சலா சொன்ன இடத்துக்குத்தான் போனேன், பில்லுல பார்த்தா பதிவுக் கட்டணம் தனி, சாம்பிள் எடுக்க தனி, எங்க டாக்டர பாத்தாத்தான் டெஸ்ட்டுன்னு அதுக்கு வேற ஒரு ஃபீஸ். கூட்டிப் பாத்தா நான் விசாரிச்சதுலயே ரெண்டாவது காஸ்ட்லி இடம் அதுதான். (இதுல ஃபுல் பாடி பேக்கேஜ் எடுத்துக்கோங்க சார், லாபம்னு வேற ஒரு யோசனை.)

அதனால ஆஸ்பத்திரிங்க ரேட் போர்டுல டெஸ்ட் பேர மட்டும் போடாம, எத்தன அளக்குறாங்க, எத்தன கணக்குல வருது, கவுன்டர்ல கடைசியா எவ்ளோ கட்டணும்னு சேர்த்துப் போடணும், போன்ல கேட்டாலும் அதையே சொல்லணும். இப்பல்லாம் நேர்ல வாங்க பேசிக்கலாம்ங்கறாங்க. இந்த டெஸ்ட்டுக்காக 12 மணி நேரம் சாப்பிடாம வெறும் பச்சத்தண்ணியோட இருந்துட்டு காலங்காத்தால போய் நிக்கிறவன், ரேட்டு சரியில்லன்னு அடுத்த ஆஸ்பத்திரிக்கு நடையக் கட்டுவானா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்