செயலாளர் ஆண்டறிக்கை: இரவுப் பயண விளக்குகளும் பேட்டரி சார்ஜும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், பொதுக்குழுவிற்கு வருகை தந்துள்ள உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நமது மிதிவண்டிச் சங்கத்தின் வரவு செலவையும் சந்தா நிலுவையையும் பொருளாளர் வாசிக்க இருப்பதால், சென்ற ஆண்டில் நிர்வாகக் குழுவின் நேரத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்ட இரவுப் பயண விளக்குகளைப் பற்றி மட்டும் இவ்வறிக்கையில் தெரிவிக்கிறேன்.

கோடை வெயிலுக்கு அஞ்சிப் பயணங்களை இரவுக்கு மாற்றியபோது, எல்லோருக்கும் கட்டுப்படியாகும் விலையில் விளக்கு வேண்டும் என்பதற்காக, 18650 என்னும் (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம் கொண்ட) உருளை வடிவ லித்தியம் அயான் செல் போட்டு எரியும் முன்விளக்குகளை மொத்தமாகப் பேசி வாங்கிக் கொடுத்தோம். செல் எவ்வளவு மின்சாரத்தைத் தேக்கும் என்பதைக் காட்டும் அளவாக, அதன் மேலுறையில் 9900 மில்லி ஆம்பியர்-மணி என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்ததை நம்பி, ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் அழகர்கோவில் போய்த் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டது நிர்வாகக் குழுவின் தவறே. மதுரை தமுக்கத்திலிருந்து கிளம்பிய முதல் பயணத்திலேயே, திரும்பும் வழியில் அப்பன்திருப்பதி தாண்டியதும் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மங்கி அணைந்தன. மூத்த உறுப்பினர் ஒருவர் தார் விளிம்பிலிருந்து சரளையில் இறங்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். எரிந்த விளக்குகளை முன்னும் பின்னுமாக வைத்து, மற்றவர்களை நடுவில் விட்டு, ஒருவழியாக ஊர் வந்து சேர்ந்தோம்.

சரியாகச் சார்ஜ் போடாமல் வந்துவிட்டார்கள் என்று மறுநாள் சில உறுப்பினர்கள் மேல் பழி விழுந்தது. அந்தப் பழி நியாயமற்றது என்பதை இங்கே பதிவு செய்வது என் கடமை. அவர்கள் விடிய விடியப் போட்டு வைத்து, பச்சை விளக்கைப் பார்த்த பிறகே எடுத்திருந்தார்கள். அதே செல்களை மீண்டும் ஏற்றி மல்டிமீட்டரில் பார்த்தபோதும், முழுச் சார்ஜுக்கு உரிய 4.2 வோல்ட்டைத்தான் காட்டின. தெற்காவணி மூல வீதியில் நகைப் பட்டறை வைத்திருக்கும் நம் உறுப்பினர், தங்கம் நிறுக்கும் தராசில் ஒரு செல்லை வைத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த நல்ல செல் 45 கிராம் நின்றது. நாம் வாங்கியது 30 கிராமைக்கூட எட்டவில்லை; அதாவது, உள்ளே மின்சாரத்தைத் தேக்கும் சரக்கே குறைவு. இந்த அளவுள்ள செல்லில் பெயர்பெற்ற தயாரிப்பாளர்களே 3500 மில்லி ஆம்பியர்-மணியை ஒட்டித்தான் நிற்கிறார்கள் என்னும்போது 9900 எங்கிருந்து வரும்? குடம் நிரம்பியது உண்மைதான். ஆனால் நம் கையில் இருந்தது குடமன்று, செம்பு. விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

அதன்பின் 2600 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட செல்களைத் தராசில் நிறுத்துப் பார்த்தே வாங்கினோம். அவற்றிலும் புகார் வந்தது. இம்முறை காரணம் நேரம். விளக்கோடு வரும் ஒயர் அரை ஆம்பியர் அளவே ஏற்றுவதால், வேலையிலிருந்து வந்து மாலை ஐந்து மணிக்குப் போட்டு ஏழரைக்கு எடுத்தால் பாதிகூட ஏறியிருக்காது. தவிர, செல் 4.2 வோல்ட்டைத் தொட்ட பிறகு சார்ஜர் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்வதால், கடைசிப் பங்கு ஏறுவதற்குப் பொறுமை தேவைப்படுகிறது. எனவே சனிக்கிழமைப் பயணத்திற்கு வெள்ளி இரவே சார்ஜ் போட வேண்டும் என்று முடிவு செய்யப்பட்டது. சனிக்கிழமை காலை போடலாம் என்ற யோசனையும் வந்தது. பராமரிப்பு மின்தடை அன்றே வந்து மாலை வரை நீடித்த அனுபவம் பலருக்கும் இருந்ததால் அது கைவிடப்பட்டது.

வெயிலைப் பற்றியும் கூற வேண்டும். 45 டிகிரிக்கு மேல் சூடான செல்லில் சார்ஜ் ஏற்றுவது அதன் ஆயுளைக் கெடுக்கும் என்பதால், கத்திரி வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் கிடந்த விளக்கையோ, எரிந்து அணைந்த சூடு ஆறாத விளக்கையோ உடனே சார்ஜரில் மாட்டக் கூடாது. அடுத்த பயணம் ஒரு மாதம் கழித்து என்றால், முழுதாக ஏற்றி வைக்காமல் பாதி அளவில், வீட்டின் குளிர்ச்சியான மூலையில் வைப்பதே நல்லது. நம் சங்க அறைக்குத் தகரக் கூரை என்பதால், அங்கே இரவில் மட்டுமே சார்ஜ் போடுகிறோம். அதுவும் தலையணை, துணி, காகிதம் எதுவும் அருகில் இல்லாத கடப்பைக் கல் திண்டின் மேல்.

விழுந்து எழுந்த மூத்த உறுப்பினர், தம் காலத்து டைனமோவுக்குச் சார்ஜும் வேண்டியதில்லை, தராசும் வேண்டியதில்லை என்று கூட்டந்தோறும் நினைவூட்டுகிறார். விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்ட நாட்களைக் கண்டவர் அவர். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த டைனமோ வண்டி நின்றதும் அணைந்துவிடும், இருட்டில் பஞ்சர் ஒட்ட உதவாது.

கழித்துக் கட்டிய போலிச் செல்கள், இரு முனைகளிலும் டேப் ஒட்டி, சங்க அறையில் ஒரு கண்ணாடிச் சாடியில் இருக்கின்றன. தீர்ந்த பேட்டரியை மற்றக் குப்பையிலிருந்து பிரித்தே கொடுக்க வேண்டும் என்று 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள் கூறுவதால், மறுசுழற்சிக்கு எடுப்பவர் கிடைக்கும் வரை அவற்றை யாரும் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

நான்கு செல்களை ஒரே நேரத்தில், ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கவனித்து ஏற்றும் சார்ஜர் ஒன்றை வாங்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். ஒப்புதல் கிடைத்தால், வீட்டில் சார்ஜ் போட வசதியில்லாத உறுப்பினர்கள் தங்கள் செல்லில் பெயர் எழுதி, வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குள் என்னிடம் ஒப்படைக்கலாம்.

இவண்,
செயலாளர்