மேட் கதவைத் துடைக்கும் முறையைத் தமிழில் எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கலுக்காக வீடு துடைக்கத் தொடங்கும் முன்பே இக்கடிதம் வெளியானால் நாலு வீட்டு அடுப்படிக் கதவுகளாவது தப்பும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டில் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பழைய கடப்பைக்கல் அலமாரியை எடுத்துவிட்டு மாடுலர் கிச்சன் போட்டோம். பளபளப்பான கதவில் கைரேகை தெரியும், மினுக்கம் இல்லாத மேட் வகை போட்டால் தெரியாது என்று கடையில் சொன்னதை நம்பி, அடர்ந்த சாம்பல் நிறத்தில் மேட் கதவுகளைத் தேர்ந்தெடுத்தோம். அடர்ந்த நிற மேட் கதவில் எண்ணெய்க் கை பட்டால் அது திட்டாகவே தெரியும் என்பதை யாரும் சொல்லவில்லை.

சென்ற போகிக்கு முதல் நாள், அடுப்பை ஒட்டிய கதவில் மீன் வறுத்து வறுத்துப் படிந்திருந்த பிசுக்கைப் போக்க, எந்தக் கறையையும் நீக்கும் என்று விற்கிறார்களே, அந்த வெள்ளை நுரைக் கட்டியை வாங்கி நானே அழுத்தித் தேய்த்தேன். பிசுக்கு போய்விட்டது. ஈரம் காய்ந்த பிறகு பார்த்தால், கைப்பிடிக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் மெழுகு பூசியது போல மின்னியது. அதையும் பிசுக்கு என்று எண்ணி மறுபடி தேய்க்க, வட்டம் இன்னும் பெரிதாயிற்று. கதவு மாட்டியவரை அழைத்துக் காட்டினேன். "இதை வைத்தா தேய்த்தீர்கள்?" என்று என்னைத்தான் கேட்டார். கதவை மாற்றலாம் என்றால் அந்த நிறம் இப்போது வருவதில்லையாம்.

ஏன் இப்படி ஆனது என்பதைப் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மேட் பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களைக் கொண்டது. விளக்கொளி அதன்மேல் பட்டு நாலா பக்கமும் சிதறுவதால்தான் மின்னாமல் மங்கலாகத் தெரிகிறது. மெலமைன் பிசினால் ஆன அந்த நுரைக் கட்டி, கைக்கு மெத்தென்று இருந்தாலும், செய்யும் வேலை மிக நுண்ணிய உப்புத்தாளின் வேலைதான். பச்சை நாரும் பாத்திரம் துலக்கும் பவுடரும் அப்படியே. மேடுகள் தேய்ந்து சமமான இடம் பளபளக்கத் தொடங்கிவிடும். பளபளப்பான கதவில் கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டு ஓரளவு சரிசெய்யலாம். மேட் கதவில் பாலிஷ் போடுவது என்பது கெட்டுப்போன இடத்தை இன்னும் அகலமாக்குவதுதான்.

இப்போது நாங்கள் துடைக்கும் முறை எளிது. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, மைக்ரோஃபைபர் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்துகொள்கிறோம். காய்ந்த பிசுக்கு இருந்தால் அந்த ஈரத்துணியைச் சில நிமிடங்கள் அதன்மேல் ஒட்டி வைத்து, அது இளகிய பின், ஒரே இடத்தில் தேய்க்காமல் கதவு முழுவதையும் மேலிருந்து கீழாகத் துடைக்கிறோம். பிறகு வெறும் நீரில் நனைத்த துணி, உடனே உலர்ந்த துணி. இந்தக் கடைசி உலர்துணியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எங்கள் பகுதி போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். கதவில் தானாகக் காயவிட்டால் வெள்ளைப் படலம் படிகிறது. அதை அழுக்கு என்று நினைத்து மறுபடி தேய்ப்பதில்தான் பாதிக் கேடு. அதனால் கடைசித் துடைப்புக்கு மட்டும் ஒரு குவளை கேன் தண்ணீர் எடுத்துக்கொள்கிறேன். தண்ணீரை நேரே ஊற்றிக் கழுவவும் கூடாது. ஓரப் பட்டியின் இடுக்கில் ஈரம் இறங்கினால், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை ஊறிய பிஸ்கட் போல உப்பிவிடும். தின்னரும் பிளீச்சிங் பவுடரும் பக்கத்திலேயே வரக்கூடாது.

மஞ்சள் கறைக்கு ஒரு வார்த்தை. குழம்பு தெறித்த உடனே துடைத்துவிட்டால் தொல்லையில்லை. லேசான மஞ்சள் தங்கிவிட்டாலும் தேய்க்க வேண்டாம். மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுக்கும் என்பது வெள்ளைச் சட்டை துவைத்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். சன்னல் வெளிச்சம் படும்படி அந்தக் கதவைப் பகலில் திறந்து வைத்தேன். சில நாட்களில் மங்கிவிட்டது.

ஆனால் என் வீட்டு முறை எல்லாருக்கும் முழுதாகப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. மேட் என்ற ஒரே பெயரில் லேமினேட், அக்ரிலிக், பி.யூ. பெயின்ட், மெம்பிரேன் என்று பலவும் விற்கப்படுகின்றன. விலை உயர்ந்த சூப்பர் மேட் தகடுகள் சிலவற்றுக்கு, என் கதவைக் கெடுத்த அதே நுரைக் கட்டியைத் தயாரிப்பாளரே பரிந்துரைப்பதும் உண்டு! அப்படியிருக்க, தன் வீட்டுக் கதவு எந்த வகை என்று தெரியாதவர் எதை நம்பித் துடைப்பது? என் பில்லில் 'மேட் ஷட்டர்' என்று மட்டுமே இருக்கிறது. பொருளின் தரத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமையை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது.

ஆகவே, கடலூரிலும் புதுச்சேரியிலும் மாடுலர் கிச்சன் செய்துகொடுப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: கதவின் வகையைப் பில்லில் எழுதுங்கள். எதனால் துடைக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, சிங்குக்குக் கீழே உள்ள கதவின் உட்புறத்தில் ஒட்டிக் கொடுங்கள். சோப்பும் நாரும் எடுக்கக் குனியும் இடம் அதுதான். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் கண்ணிலும் அங்கேதான் படும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.