வின்னிப்பெக்கிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் போன மாதமே வந்துவிட்டது. தபால்காரர் மணிச் சத்தம் கேட்டாலே அம்மா வாசலுக்கு வந்துவிடுகிறாள் என்று நீ எழுதியதை வாசித்தும் இத்தனை நாள் பதில் போடாமல் இருந்துவிட்டேன். மன்னித்துக்கொள். போனில் பேசினாலும், அம்மாவுக்குக் கையில் வைத்து வாசிக்கக் கடிதம்தான் வேண்டும்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. காலையில் கார் கண்ணாடியெல்லாம் உப்பளம் மாதிரி வெள்ளை பூத்துக் கிடக்கிறது. நம் ஊரில் மேற்கே மலை, கிழக்கே கடல். இங்கே ரெண்டும் இல்லை, தட்டையான பூமி. வடக்கிலிருந்து காற்று கிளம்பினால் தடுக்க ஒன்றும் கிடையாது. இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்கிறது. வாத்துக் கூட்டம் கூட்டமாகத் தெற்கே பறக்கும்போது கூந்தன்குளத்துப் பறவைகள் ஞாபகம் வருகிறது.

அக்டோபர் இரண்டாவது திங்கள்கிழமை இந்தக் கனடாவில் நன்றி சொல்லும் பண்டிகை. நம் அறுப்பின் பண்டிகை மாதிரிதான், ஏலம் மட்டும் இல்லை. அதற்கு முந்தின சனிக்கிழமை சபையார் ஒருவருடைய பண்ணையில், வெட்டவெளியில் கூடுகை. 40 வீடுகளுக்குப் போன் பண்ணும் வேலையைப் பாஸ்டர் என்னிடம் கொடுத்தார். முதல் பத்து வீட்டிலும் ஒரே பதில்: "குளிருதே, கோயிலுக்குள் வைத்தால் வருகிறோம்."

போனை வைத்துவிட்டேன். நம் கோயில் அசன விருந்துக்கு முன்னால் அப்பாவும், கோயில் வேலை பார்க்கும் கோயில்குட்டியாரும் ஒரு வீடு விடாமல் படியேறிப் போவார்களே, பேசாமல் இருந்தவர்கள் வீடு உட்பட? அதுதான் நினைவுக்கு வந்தது. மறுநாளிலிருந்து வேலை முடிந்து பஸ் ஏறி, முடிந்த வீட்டுக்கெல்லாம் நேரில் போனேன். வைக்கோல் கட்டுகளை அடுக்கிக் காற்றை மறைக்கிறோம், பூசணிக்காய் சூப் கொதிக்கக் கொதிக்க இருக்கும், வயசானவர்களுக்கு நெருப்புப் பக்கத்தில் நாற்காலி என்றேன். பருத்திச் சாக்ஸ் வியர்வையில் நனைந்தால் கால் விறைத்துவிடும், கம்பளிச் சாக்ஸ் போடுங்கள், நிற்கிற இடத்தில் அட்டை விரிக்கிறோம் என்றேன். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று சொன்ன பிறகுதான் நிறையப் பேர் சரி என்றார்கள். பக்கத்து வீட்டு உக்ரேனியத் தாத்தாவையும் கூப்பிட்டேன். யாரோடும் பேசாத மனுஷர், ராத்திரி பத்து மணிக்குத் தனியாக இலை கூட்டிக்கொண்டிருப்பார். ஆட்டுத்தோல் தொப்பியோடு எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு 4 டிகிரி. நீ அனுப்பிய உடன்குடிக் கருப்பட்டியில் சுக்குக்காப்பி போட்டேன். தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டதும் அந்த வாசனை வந்தது பார், ஆச்சி அடுப்படியிலேயே நிற்கிற மாதிரி இருந்தது. உக்ரேனியத் தாத்தா மூன்று டம்ளர் குடித்தார். ஐந்து கட்டியில் நாலு அன்றைக்கே தீர்ந்தது. மிச்சம் ஒன்றைக் கரைக்க மனசு வரவில்லை, ஓலைப்பெட்டியோடு தலைமாட்டில் வைத்திருக்கிறேன். நம் அசனத்தில் பந்தி போட்டு, வேர்க்க வேர்க்கப் பரிமாறுவோமே அந்தக் கறிச்சோறு, அதில் ஒரு கை சோறு வேண்டும் அக்கா. வேறொன்றும் வேண்டாம்.

நான் நன்றாக இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல். ஷிப்டைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள், அதனால் நல்ல ஓய்வு. குளிர்கோட்டு சபையில் ஒருவர் கொடுத்தார், புதுசு மாதிரியே இருக்கிறது. அம்மா வளையலுக்கு இந்த மாதம் வட்டி மட்டும் கட்டிவிடு, அசலை ஜனவரியில் அனுப்புகிறேன். ஐப்பசி மழை வலுக்குமுன் பின்பக்கத்து ஓடு மாற்ற வேண்டும், அத்தானிடம் சொல்.

அப்புறம், அப்பா நினைவுநாள் ஜெபத்துக்குப் பெரியப்பாவைக் கூப்பிட வேண்டாம் என்று மைனி சொல்வதாக எழுதியிருந்தாய். பனைவிளையில் எல்லைக்கல்லைத் தள்ளி நட்டது தப்புதான். சர்வேயரை வைத்து அளந்துகொள்ளலாம், அது வேறு. ஆள் அனுப்பாதே, போனும் வேண்டாம். நீயும் அண்ணனும் சாயங்காலம் நேரில் போய்க் கூப்பிடுங்கள். பெரியம்மாவுக்கு மஸ்கோத் அல்வா கால் கிலோ வாங்கிக்கொண்டு போ. பெரியப்பா என்ன சொன்னார் என்று உடனே எழுது.

உன் அன்புத் தம்பி